மேசையில் மிஞ்சிய அட்டை

அக்காவின் கடைக்கு வாசல் கிடையாது. படியேறி முதல் மாடிக்கு வந்தால் முன்னறை முழுக்கத் துணிக்கட்டுகள், உள்ளறையில் தையல் இயந்திரங்கள், ஜன்னலோரம் பார்சல் மடிக்கும் நீள மேசை, அதன் ஒரு மூலையில் பழைய தொலைபேசி. அவ்வளவுதான் கடை. வாங்க வருகிறவர்கள் கைபேசித் திரை வழியாகத்தான் வர வேண்டும். அப்படி வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள் என்பது கொஞ்ச காலமாக அக்காவின் கவலை.

முழிக்காமல் என்ன செய்வார்கள்? அவள் விற்பது உடம்புக்கு முடியாதவர்களுக்கான உடைகள். பொத்தானுக்குப் பதிலாகக் காந்தம் வைத்துச் சட்டை தைத்தாள். உடனே மெனுவில் 'கை நடுங்குறவங்களுக்கு' என்று ஒரு தலைப்பை ஏற்றினாள். பக்கவாட்டில் முழுக்கத் திறக்கிற பேண்ட் தைத்தாள். 'குனிய முடியாதவங்களுக்கு' வந்து சேர்ந்தது. 'ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு', 'ஒரு கை மட்டும் வேலை செய்யறவங்களுக்கு', 'நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கறவங்களுக்கு' என்று அவள் வாயில் எப்படி வருமோ அப்படியே தலைப்புகளும் வந்தன. சாமான் பெருகப் பெருகத் தலைப்பும் பெருகியது. ஒரே சட்டை மூன்று இடத்தில் கிடந்தது. வேறொரு சட்டை எங்கே கிடக்கிறதென்று தைத்தவளுக்கே மறந்து போனது. கைபேசியில் அந்த மெனுவைத் திறந்தால் கட்டைவிரல் வலிக்கும்வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

"ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் ஆபீஸ்ல உட்கார்ந்து மெனு போட்டுத் தர்றே. வீட்டுக் கடைன்னா மட்டும் உனக்குக் கை வராதா?" என்று அக்கா ஒருநாள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது, என்றாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். இணையதளங்களை வடிவமைக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. எந்தச் சாமானை எந்தத் தலைப்புக்குக் கீழ் வைத்தால் மனிதன் தேடாமல் கண்டுபிடிப்பான் என்பதுதான் அவன் தொழில். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் அன்றைக்கெல்லாம் முகம் சுருங்கிப் போகும். அந்த அளவுக்குப் பிறர் கண்ணுக்குப் பயந்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா கேட்ட நேரமும் தோதாக இருந்தது. ஒவ்வொருவரும் வெளி வேலை ஒன்றை எடுத்துச் செய்து சுவரில் இருக்கும் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று சின்னவன் ஒப்புக்கொண்டான்.

ஒப்புக்கொண்டு, பழைய மெனுவை அலுவலகத் திரையில் போட்டால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். முதல் தலைப்பிலேயே அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த முதல் தலைப்பு, 'அடக்க முடியாதவங்களுக்கு'. பக்கத்தில் அப்பாவின் படம்.

அப்பா பேருந்து ஓட்டியவர். வேலையில் இருந்தவரை ஒண்ணுக்கு வந்தாலும் அடுத்த நிலையம்வரை அடக்கிக்கொண்டே ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அதோடு அடக்குகிற சக்தி போய்விட்டது. இருமினால் கசியும், சிரித்தால் கசியும். அவர் கறுப்புப் பேண்ட் மட்டுமே போட ஆரம்பித்தார். பிறகு வெளியே போவதை நிறுத்தினார். அப்புறம் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டார். கடைகளில் கிடைத்ததை வாங்கிப் பார்த்தார்கள். நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது, குழந்தைக்குக் கட்டியதுபோல் பின்னால் உப்பிக்கொண்டு நின்றது. அவர் அதைக் கழற்றி வீசிவிட்டார். அக்கா பல மாதம் துணி துணியாக வெட்டித் தைத்து, கடைசியில் சாதாரண ஜட்டி மாதிரியே இருக்கிற, உள்ளே ஈரம் தாங்குகிற அடுக்கு வைத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அப்பா படியிறங்கித் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். மறுவாரம் தாமாகவே கடைக்குப் போய்ச் சந்தன நிறத்தில் ஒரு பேண்ட் வாங்கி வந்தார். அதைப் பார்த்த அக்கா உள்ளறைக்குப் போய் அழுதாள். கடை ஆரம்பித்தது அந்த ஜட்டியில்தான்.

படமும் அப்போது எடுத்ததுதான். பேருந்து நிறுத்தத்தில், சந்தன நிறப் பேண்டோடு, பழைய கூட்டாளி ஒருவர் வண்டியிலிருந்து ஏதோ சொல்லிக் கிண்டலடிக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார் அப்பா. கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'பேசக் கூச்சமா இருந்தா அப்பாகிட்ட பேசுங்க.' அதன் பக்கத்தில் தொலைபேசி எண்.

ஆட்கள் பேசவும் செய்தார்கள். மேசை மூலையில் அந்தத் தொலைபேசி அடித்தால் அப்பாதான் எடுப்பார். எதிர்முனையில் குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு வேணும், என்று ஆரம்பிக்கும். அந்தச் சொந்தக்காரர் யாரென்று அப்பாவுக்குத் தெரியாதா என்ன?

"எனக்கும் அதேதாங்க. இப்பவும் போட்டுக்கிட்டுதான் உங்ககூடப் பேசறேன்" என்பார்.

அவ்வளவுதான், எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வரும். சில நேரம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு அளவு கேட்பார். இடுப்பளவு என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் ஆண்பிள்ளை எல்லோரும் பொய்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. பேண்ட் சுலபமா ஏறுதா, மூச்சைப் பிடிச்சு ஏத்தறீங்களா என்று கேட்பார். பதிலை வைத்து அளவைச் சரியாகச் சொல்லிவிடுவார். கடையில் தன் வேலை அது என்று அவருக்கு ஒரு மிதப்பே உண்டு.

சரி, சின்னவன் வேலையைத் தொடங்கினான். அவன் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு சாமானையும் ஓர் அட்டையில் எழுதி, படம் ஒட்டி, கடைக்குச் சம்பந்தமில்லாதவர்களிடம் கொடுக்க வேண்டும். எதோடு எது சேரும் என்று அவர்கள் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்கள். அந்தக் கட்டுகள்தான் தலைப்புகள் ஆகும். எந்தக் கட்டிலும் சேராமல் மிஞ்சுகிற அட்டைகள் 'இதர' என்ற தலைப்புக்குப் போகும். நல்ல முறைதான், குறை சொல்வதற்கில்லை.

அலுவலகச் சாப்பாட்டு அறையில் அட்டைகளைப் பரப்பினான். ஆட்கள் ஆர்வமாக வந்தார்கள். காந்தச் சட்டையை மேலுடைக் கட்டில் போட்டார்கள், பக்கவாட்டுப் பேண்டைக் கீழுடையில். ஒரு கையால் மாட்டக்கூடிய பிராவையும் முன்பக்கம் திறக்கிற பனியனையும் உள்ளாடையில் வைத்தார்கள். கட்டுப் போட்ட காலுக்கான அகலச் சாக்ஸ் தனியாகப் போனது. எல்லாம் வெண்ணெயில் கத்தி போல நடந்தது. ஓர் அட்டை மட்டும் மேசையிலேயே கிடந்தது. வேறு ஆட்களைக் கூப்பிட்டு மறுபடியும் அடுக்கச் சொன்னான். மறுபடியும் அதே அட்டை கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஒருத்தன் மட்டும் பேனா முனையால் அதை ஓரமாக நகர்த்தினான். சுற்றி இருந்தவர்கள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். சின்னவனும் சேர்ந்து சிரித்தான்.

அவர்களோடு இருந்த குழுத் தலைவி அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இந்தப் பெரியவர் யாரு? எவ்வளவு நல்லா சிரிக்கறார்."

"தெரியலை. விலைக்கு வாங்கின படம்" என்றான் சின்னவன்.

நாக்கு எவ்வளவு லேசாகப் புரண்டது பாருங்கள். யோசிக்கக்கூட இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் காது மடல் சுட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்க் குழாயடியில் நின்றான். திரும்பி வந்தபோது தலைவி அட்டையை மேசையில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருந்தாள்.

அந்த அட்டை ஏன் மிஞ்சியது என்று அவனுக்குத் தெரியும். அது எந்தக் கட்டிலும் சேராததால் மிஞ்சவில்லை. உள்ளாடைக் கட்டு பக்கத்திலேயே இருந்தது. தொடக் கூச்சப்பட்டார்கள், அதனால் மிஞ்சியது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது புரியும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே! மிஞ்சினது இதரவுக்குப் போகணும் என்று முறையே சொல்லும்போது நான் யார் நடுவில் என்று தன்னிடமே சாதித்தான். திருட்டுக்கு ஒரு சட்டம் துணைக்கு வந்தால் எவ்வளவு நிம்மதி! வீட்டில் அப்பாவிடமும் அட்டைகளைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அக்கா சொன்னபோது, கடைக்காரர்கள் அடுக்கக் கூடாது, அது தப்பு என்று தட்டிக் கழித்தான். அப்பாவிடம் கொடுத்திருந்தால் அந்த அட்டையை எங்கே வைத்திருப்பார் என்று அவனுக்குத் தெரியாதா?

புது மெனு ஏறியது. மேலுடை, கீழுடை, உள்ளாடை, பாதத்துக்கு, படுக்கைக்கு, இதர. ஒரே பார்வையில் முடிந்துவிடும், விரல் வலிக்காது. அலுவலகச் சுவரில் பெரிதாக அது ஒளிர்ந்தபோது கைதட்டினார்கள். தலைவி முதுகில் தட்டிக்கொடுத்தாள். அக்காவும் பூரித்துப் போனாள். வீட்டைக் கூட்டிப் பெருக்கினாற்போல் இருக்கிறது என்று தையல்காரப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். மருத்துவமனைகளிலிருந்து சட்டைக்கும் பேண்டுக்கும் ஆர்டர் கூடியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"அப்பாவோடது எங்கடா?" என்று நடுவில் அக்கா கேட்டாள்.

"இருக்குக்கா. இதரல இருக்கு. அட்டை வெச்சுப் பார்த்ததுல அப்படித்தான் வந்துச்சு."

"உங்க படிப்புல அப்படின்னா சரி" என்று அவள் வேலையைப் பார்க்கப் போனாள். நம்பினாள். நம்பினதுதான் அவனைக் குத்தியது.

அப்பாவின் படத்தையும் அதன் கீழிருந்த தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டிருந்தான். அந்த இடத்தில் மடித்து வைத்த சாம்பல் நிறத் துணி ஒன்றின் படம் இருந்தது.

பிறகு அந்தத் தொலைபேசி அடிப்பது குறைந்தது. அப்பா பார்சல் ஒட்டிக்கொண்டே அடிக்கடி மூலையைப் பார்ப்பார். ஒருநாள் அதைக் காதில் வைத்துப் பார்த்தார், லைன் இருக்கிறதா என்று. இருந்தது. சின்னவனிடம், கம்பி ஏதாவது கோளாறா பாருப்பா, என்றார். சின்னவன் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். வாரம் போகப்போகச் சுத்தமாக நின்றுவிட்டது. தைத்து வைத்தது அலமாரியில் தூங்குகிறது, அந்தத் துணியை எடுத்து வேறு ஏதாவது தைக்கலாம் என்று அக்கா தையல்காரப் பெண்ணிடம் சொன்னாள். வாங்க ஆள் இல்லையென்றால் எதற்குத் தைப்பது, அப்பாவுக்கு மட்டும் தைத்தால் போதும் என்று அக்கா சொன்னது அப்பாவின் காதிலும் விழுந்தது.

"எல்லாருக்கும் சரியாயிடுச்சு போல. எனக்கு மட்டும்தான் இன்னும் இருக்கு" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை காலம், நம்மைப் போல ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்ற தெம்பில்தான் அவர் வெளியே நடமாடினார். அந்தத் தெம்பை எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, மென்று விழுங்கினான். நாளைக்கே மெனுவை மாற்றிவிட்டால் போயிற்று, எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சுவரில் ஒளிர்கிற மெனுவை எந்தக் காரணம் சொல்லி மாற்றுவது? தலைவி கேட்டால்? அந்த 'நாளைக்கு' நகர்ந்துகொண்டே போனது.

ஒரு விடுமுறை நாளின் காலையில் தொலைபேசி அடித்தது. அப்பா கையிலிருந்த டேப்பைப் போட்டுவிட்டு ஓடாத குறையாகப் போய் எடுத்தார். சின்னவன் ஜன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். யாரோ சொல்லி எண்ணை வாங்கியிருக்கிறார் போல, கடைக்குப் புதியவர். அப்பா அவருடைய சொந்தக்காரர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். எனக்கும் அதேதாங்க என்றார். பிறகு உற்சாகமாக வழி சொல்லத் தொடங்கினார்.

"கடையைத் திறந்துட்டீங்களா? மேல மூணு கோடு இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க. வந்துச்சா? முதல்லயே இருக்கும். இல்லையா? இருங்க, நானும் பார்த்துச் சொல்றேன்."

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தன் கைபேசியை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரலால் மேலுடையைத் தொட்டார், இல்லை. கீழுடையைத் தொட்டார், தள்ளித் தள்ளிப் பார்த்தார், அங்கும் இல்லை. உள்ளாடையைத் திறந்தபோது, இங்கதாங்க இருக்கணும், என்று தைரியமாகச் சொன்னார். பிராவும் பனியனும் வந்தன. கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு, இல்லையே, என்றார். அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். பாதத்துக்கு என்பதைக்கூடத் திறந்து பார்த்தார். பாவம், சாக்ஸுக்கு நடுவில் தேடினார்.

அப்பா, இதரல இருக்கு. இந்த ஒரு வரியைச் சின்னவன் சொல்லியிருக்க வேண்டும். அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். திரையில் ஏதோ முக்கியமான வேலை நடப்பதுபோல் குனிந்துகொண்டான்.

அப்பா கடைசித் தலைப்புக்கு வந்தார். உள்ளே போனார். அங்கே சாப்பிடும்போது கழுத்தில் கட்டுகிற எச்சில் துண்டு இருந்தது, பொத்தான் மாட்டுகிற கொக்கி இருந்தது, துணி துவைக்கிற வலைப்பை இருந்தது. அதற்கும் கீழே, மடித்த சாம்பல் துணி. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் தொலைபேசியில் சொன்னார்:

"கிடைச்சுருச்சுங்க. கடைசில இதரன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதுக்குள்ளதான் நாங்க இருக்கோம்."

எதிர்முனையில் ஆள் இல்லை. ஹலோ, ஹலோ என்று பார்த்தார். இவ்வளவு நேரம் அந்த ஆள் என்ன தைரியத்தைச் சேர்த்து வைத்திருந்தாரோ, அது தேடலிலேயே தீர்ந்து போயிருக்க வேண்டும். அப்பா தொலைபேசியை வைத்தார். மேசைக்குத் திரும்பி வந்து டேப்பைக் கையில் எடுத்தார். சின்னவன் ஏச்சை எதிர்பார்த்துக் காத்திருந்தான். ஏச்சு விழுந்திருந்தால் தேவலை.

"என் படம் ரொம்ப மங்கலா இருந்துச்சாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாம்பா. பெரிய திரைல போட்டா உடைஞ்சு தெரியுது."

"சரிப்பா" என்றார்.

மறுநாள் அப்பா கறுப்புப் பேண்டில் இருந்தார். மாலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு அரட்டை அடிப்பது அவர் வழக்கம். முழங்கால் வலிக்கிறது என்று போகவில்லை. அதற்கு மறுநாளும் முழங்கால் வலித்தது. சந்தன நிறப் பேண்ட் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டதை அக்கா பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, கறுப்புதாம்மா சௌகரியம், என்றார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவனுக்குப் புரிந்தது. தெரிந்தே செய்த காரியம் கண்முன் கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு நடமாடியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

அன்றே மெனுவைத் திருத்தினான். மற்றத் தலைப்புகளை அப்படியே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் வார்த்தையிலேயே அந்தத் தலைப்பைத் திரும்ப ஏற்றினான். பக்கத்தில் எண்ணைப் போட்டான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அட்டை வெச்சுப் பார்த்ததுல வேற மாதிரி வந்துச்சுன்னியேடா?"

"அந்த அட்டையை யாரும் தொடலைக்கா. கூச்சப்பட்டாங்க. எனக்கும் அது அங்க இருக்கறது கூச்சமா இருந்துச்சு. அதான்."

"தெரிஞ்சேவா செஞ்சே?" என்றாள் அக்கா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உள்ளறைக்குப் போய் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். அன்று சாப்பாட்டைத் தட்டில் வைத்து அவன் பக்கம் நகர்த்தியதோடு சரி, முகம் பார்க்கவில்லை.

அப்பாவிடம் போவதற்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. படத்தையும் திரும்பப் போடட்டுமா என்று கேட்டான். அவர் பார்சல் மேல் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்பா. உங்க ஆபீஸ்காரங்க எல்லாம் பார்ப்பாங்க" என்றார்.

குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. பிள்ளைக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது என்கிற அக்கறைதான் இருந்தது. சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. விலைக்கு வாங்கின படம் என்று தான் சொன்னதை அவர் பின்னால் நின்று கேட்டிருந்தால்கூட இப்படிச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தொலைபேசியையும் இனிமேல் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அப்பா. நாற்காலியை மேசையின் மறுமுனைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த விடுமுறைக்குச் சின்னவன் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தபோது அது அடித்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவன் எடுத்தான்.

"முன்னாடி ஒரு பெரியவர் பேசினார். அவர் இருக்காரா?" என்றது குரல், மிகவும் தணிவாக.

சின்னவன் மறுமுனையைப் பார்த்தான். யார் என்று அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினார். டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டினார்.

"அவர் வேலையா இருக்கார். என்கிட்ட சொல்லுங்க."

"பரவாயில்லை தம்பி. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு…" குரல் பாதியில் நின்றது. வைத்துவிடப் போகிறார் என்று சின்னவனுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் அப்பா என்ன சொல்வார் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால் அது அவன் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை. அதைச் சொல்கிற தகுதி ஜட்டி போட்டுக்கொண்டவருக்குத்தான் உண்டு. அவனிடம் இஸ்திரி போட்ட சட்டைதான் இருந்தது.

"அன்னைக்கு உங்ககிட்ட பேசினாரே, அவர் எங்க அப்பாங்க. அவரும் அதைத்தான் போட்டுக்கறார்" என்றான்.

டேப் இழுக்கிற சத்தம் நின்றது.

"உங்களுக்கு அது தெரியுமா?" என்று கேட்டது குரல். "எனக்கும் உங்க மாதிரி ஒரு பையன் இருக்கான். அவன்கிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குது. உங்க அப்பாவுக்கு உங்க முன்னாடி கூச்சமா இல்லையா தம்பி?"

சின்னவன் அப்பாவைப் பார்க்காமல், மேசையில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒரு டேப் துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்பாவுக்கு இல்லைங்க. எனக்குத்தான் இருந்துச்சு. அதனாலதான் அன்னைக்கு நீங்க அவ்வளவு தேடியும் கிடைக்கலை. நான்தான் அதைக் கடைசில கொண்டுபோய் ஒளிச்சு வெச்சேன்."

எதிர்முனைக்காரர் பேசவே இல்லை. அந்த மௌனத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல், கடைக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டு வைப்போம் என்று, இடுப்பளவு என்னங்க, என்றான். எதிர்முனையில் என்னவோ ஓர் எண் முனகலாக வந்தது. அது பொய் என்று அவனுக்கே பட்டது. அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கறுப்புப் பேண்ட் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றது. கை நீண்டது.

"கொடு இப்படி. அளவு கேக்கக்கூடத் தெரியலை உனக்கு."

சின்னவன் கொடுத்தான். எழுந்து இடத்தையும் கொடுத்தான். அப்பா உட்கார்ந்து, தொலைபேசியைக் காதில் சரியாகப் பொருத்திக்கொண்டு, அவன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவன் அங்கேயே நிற்கிறானா, நகர்ந்து போய்விடுவானா என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு தொலைபேசியில் பேசினார்.

"நான்தாங்க. ஆமாம், பையன்தான். விடுங்க, சின்னப் பையன். எனக்கும் அதேதாங்க, இப்பவும் போட்டுக்கிட்டுதான் பேசறேன். சொல்லுங்க, பேண்ட் சுலபமா ஏறுதா, மூச்சைப் பிடிச்சு ஏத்தறீங்களா?"

சின்னவன் தலையை நிமிர்த்தவில்லை. அப்பா பாதி ஒட்டி வைத்திருந்த பார்சலை எடுத்து, நின்றுகொண்டே மீதியை ஒட்டினான்.